கரண்ட் போனால் பந்தயம் செல்லாது

அந்தமானில் எங்கள் தீவில் கிரிக்கெட் பந்தயம் கட்டுகிறவர்களுக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. போட் நிற்கிற ஜெட்டி டீக்கடை டி.வி.யில் எல்லோரும் சேர்ந்து பார்க்கிற ஆட்டத்துக்கு மட்டும்தான் பந்தயம். ஆட்டம் முடிவதற்குள் கரண்ட் போனால் பந்தயம் செல்லாது.

முதல் சட்டம் ஒரு டிரான்சிஸ்டரால் வந்தது. டி.வி.யில் பந்து வீசுகிறவன் ஓடி வந்துகொண்டிருக்கும்போதே ரேடியோவில் விக்கெட் விழுந்துவிடும். அதைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டு கடைக்கு வெளியே நின்ற ஒருவன், மழைக்காலம் முழுக்க எங்களுக்கு ஜோசியம் சொல்லியே ஜெயித்துக்கொண்டிருந்தான். கையும் ரேடியோவுமாகப் பிடிபட்ட பிறகு சட்டம் போட்டார்கள். இரண்டாவது சட்டத்துக்குக் காரணம், மேட்டில் நான் வேலை பார்த்த டீசல் பவர் ஹவுஸ். லாங் ஐலண்டுக்குப் போகிற போட் வழியில் எங்களை இறக்கிவிட்டுப் போகும்; அதே போட்தான் டீசல் டிரம்களையும் இறக்கும். கடல் கொந்தளித்தால் போட் வராது, போட் வராவிட்டால் டீசல் வராது, டீசல் வராவிட்டால் எத்தனை பெரிய பேட்ஸ்மேனாக இருந்தாலும் எங்கள் ஊரில் ரன் எடுக்க முடியாது.

பவர் ஹவுஸ்காரன் பந்தயம் கட்டக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. போடத் தேவையும் இருக்கவில்லை. எனக்கு எதிலும் துணிந்து இறங்குகிற சுபாவம் கிடையாது. கேரம் போர்டில் சிவப்புக் காயைத் தொடவே யோசிப்பேன்.

சுனாமி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மஸ்தூராகத் தினக்கூலிக்கு எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் ரெகுலர் ஆர்டர் வந்திருந்தது. புரொபேஷன் முடியும்வரை தும்முவதைக்கூட மேலதிகாரியைக் கேட்டுத்தான் தும்மவேண்டும் என்ற நிலையில் இருந்தேன். அதோடு நான் புதுப் பென்ஷன்காரன். என் அப்பா பழைய பென்ஷன். மாதம் பிறந்ததும் இஸ்திரி போட்ட சட்டையோடு பேங்குக்குப் போய்விட்டு, மாப்பிள்ளை அழைப்பிலிருந்து திரும்புகிறவர் மாதிரி வருவார். என் சம்பளத்திலோ ஒரு பங்கைப் பிடித்து மெயின்லேண்டில் எங்கோ ஷேர் மார்க்கெட்டில் போடுகிறார்கள் என்றும், நான் கிழவனாகும்போது மார்க்கெட்டுக்கு மனசிருந்தால் திருப்பிக் கொடுக்கும் என்றும் ஆபீசில் சொன்னார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் அப்பா என் படிப்பைக் கேட்கவில்லை, குலத்தைக் கேட்கவில்லை. "தம்பிக்குப் பழைய பென்ஷனா, புதுசா?" என்று கேட்டார். புதுசு என்றதும் எனக்கு வந்த காபியில் சர்க்கரை குறைந்துவிட்டதாக என் அம்மா இன்றைக்கும் சொல்கிறாள்.

என் நண்பனுக்கு இந்தக் கவலையே இல்லை. அவனுக்கு எந்தப் பென்ஷனும் கிடையாது. அவனுடைய அப்பா அம்மா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, தெற்கே ஒரு தீவில் ரப்பர் பால் எடுக்கக் குடியேற்றப்பட்டவர்கள். கடல் அந்தக் குடியிருப்பை எடுத்துக்கொண்டபிறகு, அவன் சின்ன வயசிலிருந்தே தங்கிப் படித்த, எங்கள் தீவில் இருந்த மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மாமா ஒரு மலைச்சரிவை ஒதுக்கிக் கொடுத்தார். அதில் பாறை, புதர், அட்டை மூன்றும் தாராளமாக விளைந்தன. நண்பன் தினக்கூலிக்கு ரோடு வேலைக்குப் போவான். வந்ததும் வீட்டுக்குப் பின்னால் பாக்குக் கன்றுகளோடு உட்கார்ந்துவிடுவான். திக்லிபூர் போய் விதைப்பாக்கு வாங்கி வந்து, பாலிதீன் பைகளில் போட்டு, பிள்ளை வளர்ப்பதுபோல வளர்த்தான். காலையில் எழுந்ததும் முகம் கழுவாமல் அவற்றைப் போய்ப் பார்ப்பான்.

"இதுதான்டா என் பென்ஷன். ஏழெட்டு வருஷம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தா, அப்புறம் நான் படுத்துக் கெடந்தாலும் மரம் குடுக்கும். ஒன் பென்ஷன் எங்க இருக்கு? கண்ணால பாத்திருக்கியா?"

நான் பார்த்ததில்லை என்பதால் குடத்தை எடுத்துக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவேன்.

அவனுக்கு ஒரே ஒரு பலவீனம். கிரிக்கெட் என்றால் நம் அணி தோற்கவே தோற்காது என்று நம்புகிறவன். நாட்டுப்பற்று என்று சொல்லமுடியாது. ஒரு தடவை சொல்லிவிட்டால் மாற்றிக்கொள்ளமாட்டான், அவ்வளவுதான். அதனால் டீ, சிகரெட், ஒரு தடவை கால் செருப்பு என்று தோற்றுக்கொண்டே இருந்தான். செருப்பைத் தோற்ற அன்று வெறுங்காலோடு என்னோடு நடந்து வந்தபடி, அடுத்த ஆட்டத்தில் யார் முதலில் இறங்கவேண்டும் என்று ஆலோசனை சொன்னான்.

சரிவுக்குக் கீழே ஒரு காண்ட்ராக்டருடைய தம்பிக்கு நிலம் இருந்தது. எங்கள் வயசுதான். அவனிடம் சமதரை இருந்தது, கோடையிலும் வற்றாத குளம் இருந்தது. கன்று வளர்க்கிற பொறுமைதான் இல்லை. அவனுடைய கண் நண்பனின் பாக்குக் கன்றுகள் மேல் விழுந்தது. நண்பனின் கண்ணோ எப்போதும் அந்தக் குளத்தின்மேல். பாக்குக்குக் கோடையில் தண்ணீர் வேண்டும். மோட்டார் வைத்துச் சரிவில் பைப் போட்டு அந்தக் குளத்துத் தண்ணீரை இழுத்துவிட்டால் தோட்டம் பிழைத்துக்கொள்ளும். இல்லையென்றால் குடத்தில் சுமக்கவேண்டும்.

இரண்டு பேரும் டீக்கடையில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நம் அணி ஜெயித்தால் நண்பன் குளத்திலிருந்து பைப் இழுத்துக்கொள்ளலாம். தோற்றால் கன்று அத்தனையும் காண்ட்ராக்டர் தம்பிக்கு. எனக்கு விஷயம் தெரிந்ததும் நேராகப் போய்க் கன்றுகளுக்கு நடுவில் அவனைப் பிடித்தேன்.

"பென்ஷன வச்சு எவனாவது சூதாடுவானா?"

"ஒன் பென்ஷன வச்சு மட்டும் மெயின்லேண்டுல பல்லாங்குழியா ஆடுறாங்க? டென்ஷன் மத் லே மச்சான், கவலைய விடு. பக்கா ஜெயிப்போம்."

அந்த ஞாயிறு எனக்கு டியூட்டி. பவர் ஹவுஸில் டி.வி. கிடையாது. ஆனால் டீக்கடை சத்தத்திலிருந்தே ஆட்டத்தைத் தெரிந்துகொள்ளலாம். மத்தியானம் வரை நல்ல கூச்சல். அப்புறம் கூச்சல் மெலிந்து மெலிந்து, எஞ்சின் இரைச்சல்தான் மிஞ்சியது. வெயில் சாய்கிற நேரத்தில் செருப்பில்லாத ஒருவன் மேட்டில் ஓடி வருவது தெரிந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"மச்சான், எல்லாம் போச்சு. ஆள் எல்லாம் அவுட்டு. கடைசி ரெண்டு பேருக்கு மட்டையப் பிடிக்கவே தெரியாது. ஒரு பத்து நிமிஷம் ஆஃப் பண்ணுடா."

"முடியாது."

"ஒரு சுவிட்சுடா! கன்னுக்குட்டி மாதிரி வளத்தேன்டா அதுகள."

"என் பென்ஷன் இந்த சுவிட்சுலதான் தொங்குது. தொடமாட்டேன்."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மேட்டை விட்டு இறங்கிப் போனான். அவன் ஜெட்டி வளைவைக்கூடத் தாண்டியிருக்கமாட்டான். எஞ்சின் இருமியது. வெள்ளைப் புகை கக்கியது. ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு நின்றது. தீவு முழுக்க கரண்ட் போய்விட்டது.

டீசலில் தண்ணீர் என்று புகையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. டிரம் மழையில் கிடந்தால் அப்படித்தான். ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றினேன், பாதிக்குமேல் தண்ணீர். வெளியே கொட்டினேன், குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினேன், ஃபில்டரை மாற்றினேன். இதற்குள் நண்பன் மறுபடி ஓடி வந்துவிட்டான். இந்த முறை சிரித்துக்கொண்டு. எண்ணெய்க் கையோடு இருந்த என்னைக் கட்டிப்பிடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான்.

"தெய்வம்டா நீ!"

"நான் ஒண்ணும் பண்ணலடா. தானா நின்னுச்சு."

"அரே, வெளிய அப்டித்தான் சொல்லணும். புரியுது, புரியுது."

கண்ணடித்துவிட்டுப் போனான். நான் எஞ்சினைக் கிளப்பினேன். கரண்ட் வந்தது. டீக்கடை டி.வி. உயிர்பெற்றது. அங்கே நம் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறி விழுந்து கூத்தாடிக்கொண்டிருந்தார்கள். மட்டையைப் பிடிக்கத் தெரியாத அந்த இரண்டு பேர் கடைசி ஓவரில் ஜெயித்துக் கொடுத்துவிட்டார்கள்.

நண்பன் மூன்றாம் முறையாக மேடேறி வந்தான். இந்த முறை நடந்தே வந்தான்.

"யாருடா ஒன்ன ஆஃப் பண்ணச் சொன்னது?"

"நீதான்டா சொன்னே! ஆனா நான் பண்ணல!"

"நான் ஆயிரம் சொல்லுவேன். ஒனக்கு அறிவு வேணாம்? கொளம் போச்சேடா!"

செய்யாத உதவிக்கு முத்தம் வாங்கியவனும், அதே செய்யாத உதவிக்கு அரை மணி நேரத்துக்குள் வசவு வாங்கியவனும் அந்தமானில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இத்தோடு போயிருந்தாலும் பரவாயில்லை. காண்ட்ராக்டர் தம்பி, தன் குளத்தைக் காப்பாற்றிக் கொடுத்ததற்காக, மறுநாள் காலையில் முழங்கை நீளத்துக்கு ஒரு சுர்மை மீனை, வஞ்சிரம் என்பார்களே, அதைப் பவர் ஹவுஸுக்கே கொடுத்தனுப்பினான். ஜெட்டியில் இருந்து மேடுவரை அந்த மீனை எல்லோரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நான் நிரபராதி என்று சொன்னால் என் அம்மாவே நம்பவில்லை. மீனைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் மீன் என்ன பாவம் செய்தது? அம்மா குழம்பு வைத்தாள். மிச்சத்தை வறுத்தாள்.

நண்பன் என்னோடு பேச்சை நிறுத்தினான். போட் பிடித்து அக்கரைக்கு உரம் வாங்கப் போன இடத்தில், ஆத்திரம் அடங்காமல் எங்கள் மேலதிகாரியான ஜே.இ.யின் ஆபீசில் நுழைந்து, ஆபரேட்டர் வேண்டுமென்றே கரண்டை நிறுத்துகிறான் என்று சொல்லிவிட்டு வந்தான். நாலு திட்டு வாங்கிக் கொடுக்கலாம் என்றுதான் நினைத்திருக்கிறான். புரொபேஷன் என்றால் என்னவென்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. ரோடு வேலைக்கு ஏது புரொபேஷன்?

அடுத்த போட்டில் ஜே.இ. இறங்கினார். திருச்சிப் பக்கத்துக்காரர், கடல் ஒத்துக்கொள்ளாதவர். போட்டில் வாந்தி எடுத்த கோபமும் அவர் முகத்தில் சேர்ந்திருந்தது. பேனல் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தண்ணி வந்துச்சுங்கிற. எங்க அந்தத் தண்ணி?"

"கொட்டிட்டேன் சார்."

"ஏன்யா கொட்டின?"

"சீக்கிரம் கரண்ட் குடுக்கணும்னு சார்."

சீக்கிரம் கரண்ட் கொடுத்ததுதான் நான் செய்த ஒரே தப்பு என்று அப்போது புரிந்தது. சோம்பேறியாக இருந்திருந்தால் சாட்சி கிண்ணத்தோடு இருந்திருக்கும். "ரிப்போர்ட் வேற மாதிரி போனா, மறுபடி மஸ்தூராக்கூட எடுக்கமாட்டாங்க, தெரியுமில்ல?" என்றார். நான் பக்கத்தில் இருந்த டிரம்மைப் பிடித்துக்கொண்டேன். அப்பாவின் இஸ்திரிச் சட்டை எதற்கோ ஞாபகம் வந்தது.

நண்பனை அழைத்து வரச் சொன்னார். அவன் வாசலில்தான் நின்றிருந்தான். ஜே.இ. சொன்னதைக் கேட்டிருக்கவேண்டும், முகம் வெளுத்திருந்தது.

"கம்ப்ளைன்ட் குடுத்தது நீதானே? இவன் ஆஃப் பண்ணத நீ பாத்தியா?"

"இல்ல சார். நான்தான் ஆஃப் பண்ணச் சொல்லிக் கெஞ்சினேன். மாட்டேன்னுட்டான்."

"அப்ப நீ போனதுக்கப்புறம் பண்ணியிருப்பான்."

"சான்சே இல்ல சார். இவனுக்கு அந்தத் தைரியம் கெடையாது. பள்ளிக்கூடத்துல நான் பேப்பரக் காட்டினாக்கூடக் கண்ண மூடிக்குவான். கடலுக்குப் போனா முட்டிக்கு மேல தண்ணியில எறங்கமாட்டான். இவனாவது, சுவிட்சத் தொடுறதாவது! பென்ஷன் தொங்குது, பென்ஷன் தொங்குதுன்னு பொலம்பினான் சார். நான் கோவத்துல வந்து ஒங்ககிட்ட ஒளறிட்டேன். என்னைய என்ன வேணா பண்ணுங்க."

என் வேலையைக் காப்பாற்ற ஒருவன் என்னை இவ்வளவு கேவலப்படுத்தியதை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. ஜே.இ. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மிச்சமிருந்த டிரம்மைச் சாய்த்து அடியிலிருந்து ஒரு பாட்டில் பிடிக்கச் சொன்னார். கீழே தண்ணீர் தனியாக, மேலே டீசல் தனியாக நின்றது. பாட்டிலை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "டிரம்ம இனிமே ஷெட்டுக்குள்ள வைங்க. மேட்ச் நாள்ல இந்த மேட்டுக்கு ஒருத்தனும் வரக்கூடாது" என்றார். போட் ஏறும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் பயந்துகொண்டே போனேன்.

"கடைசி ஓவர்ல எப்படிய்யா ஜெயிச்சாங்க? எங்க பக்கமும் அன்னைக்குக் கரண்ட் இல்ல."

எனக்கும் தெரியாது என்றேன். இரண்டு பேருக்கும் வருத்தமாக இருந்தது.

மழை ஆரம்பித்ததும் நண்பன் சரிவில் கன்றுகளை நட்டான். ஆஃப் நாளில் நான் கடப்பாரை பிடிக்கப் போனேன். இன்னும் முழுசாகப் பேச்சு திரும்பவில்லை, குழி தோண்டுகிற அளவுக்குத் திரும்பியிருந்தது. மேல் வரப்பு ஓரமாக ஒரு வரிசை நட்டு முடித்ததும், கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு, என் பக்கம் பார்க்காமலே சொன்னான்.

"இந்த வரிசை ஒனக்கு."

"எனக்கு எதுக்குடா? எனக்குத்தான் பென்ஷன் இருக்கே."

"அது மெயின்லேண்டுக்காரன் கட்டுற பந்தயம். ஜெயிச்சா சந்தோஷம். தோத்துட்டா வயசான காலத்துல எங்க போவே? இங்க வா. இது கரண்ட் போனாலும் காய்க்கும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அட்டை கடித்ததாகச் சொல்லிக் குனிந்துகொண்டேன். அவன் நம்பினானா தெரியாது. இடுப்பு முடிச்சிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக் கொடுத்தான். கடிக்காத காலில் தடவிக்கொண்டேன்.

குளத்துத் தண்ணீர் அவனுக்குக் கிடைக்கவில்லை. காண்ட்ராக்டர் தம்பி எத்தனை கேட்டும் அசையவில்லை. கோடைக்குக் கோடை நண்பன் தோளில் சுமந்தே ஊற்றினான். முதல் கோடையில் நானும் சுமந்தேன். பிறகு எனக்குப் போர்ட் பிளேயர் பக்கம் பெரிய பவர் ஹவுஸுக்கு மாற்றல் வந்தது. கல்யாணமும் ஆயிற்று. சௌல்தாரியில் காய்கறித் தோட்டம் போட்டிருந்த வீட்டுப் பெண். அவளுடைய அப்பா பென்ஷனைப் பற்றிக் கேட்கவே இல்லை, அதனாலேயே எனக்கு அந்த வீடு பிடித்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு முறை என் பென்ஷன் கணக்கு எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று ஆபீசில் காட்டுவார்கள். நண்பன் போனில் என் வரிசை எவ்வளவு உயரம் என்று சொல்லுவான். அவன் சொன்ன கணக்கில் இறக்கமே இருந்ததில்லை.

முதல் பாளை வெடித்ததைச் சொல்ல அவன் கூப்பிட்டபோது, என் மனைவிக்கு நான் ஸ்வீட் வாங்கிக்கொண்டு போனேன். யாருக்குக் குழந்தை என்று கேட்டாள். சொன்னதும், நம் வயசான காலத்துக்கு இனி வெற்றிலை மட்டும் வாங்கினால் போதும் என்றாள். கேலிதான். ஆனால் அன்றிலிருந்து அந்த வரிசையை அவளும் எங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். வாடகை வீட்டில் இருந்த எங்களுக்கு மண்ணில் ஊன்றி நின்ற சொத்து அது ஒன்றுதான்.

சில வருஷம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம், டியூட்டியில் இருக்கும்போது அவன் போன் வந்தது. குரலில் பழைய குழைவு. அந்தக் குழைவு வந்தால் செருப்பு போகும் என்று எனக்குத் தெரியும்.

"மச்சான், காண்ட்ராக்டர் தம்பி எறங்கி வந்துட்டான்டா. ஜெயிச்சா கொளத்துத் தண்ணி ஆயுசுக்கும் நமக்கு."

"என்ன வச்சே?"

கடைக்காரரிடம் இன்னொரு டீ சொன்னான்.

"டேய், என்னடா வச்சே?"

"என் மரத்த வைக்க வீட்டுல விடமாட்டேங்குறா. அதான் ஒன் வரிசைய வச்சிட்டேன். டென்ஷன் மத் லே. பக்கா ஜெயிப்போம்."

"ஸ்கோர் என்ன?"

"அத விடு. கடைசி ரெண்டு பேர் நல்லா அடிப்பாங்க."

எதிரே ராட்சச எஞ்சின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. என் பார்வை பேனல் போர்டு மேல் போய் நின்றது. நான் எதை நிறுத்தினாலும் அந்தத் தீவில் ஒரு பல்புகூட அணையாது என்பது எனக்குத் தெரியும்.

"அந்த ரூல் இன்னும் இருக்கா?" என்றேன்.

"எந்த ரூலு?"

"கரண்ட் போனா பந்தயம் செல்லாதுங்கிறது."

"இருக்கே. ஏன்?"

"இன்னைக்கு அங்க பவர் ஹவுஸ்ல யாருடா டியூட்டி?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. மறுமுனையில் அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"இத்தன வருஷம் கழிச்சு இப்பதான்டா ஒனக்குத் தைரியம் வந்திருக்கு!"